ரோஸ் நிறச் சீட்டு

நகரத்தில் மட்டுமே ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு ஊராட்சித் தேர்தலின் வாக்குச்சாவடி புதிதாகத் தெரியும். அங்கே இயந்திரம் கிடையாது. ஒன்றியப் பள்ளியின் வகுப்பறைக்குள் நுழைகிறவர் கையில் நான்கு தாள்களைக் கொடுப்பார்கள். மஞ்சள் தாள் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு. பச்சை, ஒன்றியக் கவுன்சிலருக்கு. வெள்ளை, வார்டு உறுப்பினருக்கு. ஒரே சாவடியில் இரண்டு வார்டுக்காரர்கள் ஓட்டுப் போடுவதாக இருந்தால் ஒரு வார்டுக்கு வெள்ளை, மற்றதற்கு நீலம். நான்காவது தாள் இளஞ்சிவப்பு. ஊர்ப் பேச்சில் அது ரோஸ் கலர் சீட்டு. ஊராட்சி மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டு அதுதான்.

நான்கில் இந்த ஒன்றுக்காகத்தான் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இரவுப் பேருந்து பிடித்து ஆட்கள் ஊர் திரும்புகிறார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் இரண்டு கட்டமாக வாக்குப்பதிவு நடந்தபோது முதல் கட்டத்தில் 76 சதவீதத்துக்கு மேலும் இரண்டாம் கட்டத்தில் 77 சதவீதத்துக்கு மேலும் ஓட்டு விழுந்தது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் வந்தபோது மாநிலம் முழுக்கச் சேர்த்து 60 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. சென்னை மாநகராட்சியில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கிராமத்து மக்கள் ஓய்வாக இருக்கிறார்கள், அதனால் ஓட்டுப் போடுகிறார்கள் என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது தவறு. கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். குடிநீர்த் தொட்டியின் மோட்டார் பழுதானால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அந்தச் சீட்டு முடிவு செய்கிறது. தட்டினால் திறப்பவர் யார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். எதிரெதிரே நிற்பவர்கள் மாமன் மச்சானாகவும் பக்கத்து வயல்காரராகவும் இருப்பார்கள். மஞ்சள் சீட்டிலும் பச்சைச் சீட்டிலும் கட்சிச் சின்னங்கள் இருக்கும். ரோஸ் சீட்டிலும் வெள்ளைச் சீட்டிலும் அவை இருக்காது. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சி அடிப்படையில் போட்டி இல்லை என்பது தமிழ்நாட்டுச் சட்டம். பூட்டு சாவியோ ஆட்டோ ரிக்‌ஷாவோ ஏதோ ஒரு சுயேச்சைச் சின்னத்தில்தான் நிற்க வேண்டும். 2019 தேர்தலில் அதற்கு டெபாசிட் 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 300. வயது 21 ஆகியிருந்தால் போதும். இந்த நாட்டில் ஒரு சாமானியர் இவ்வளவு எளிதாக ஏறிவிடக்கூடிய அதிகாரப் படிகள் மிகக் குறைவு.

இந்தச் சீட்டின் முன்னோரைத் தேடினால் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய குடியேற்றங்கள் ஒரு புது வழக்கத்தைச் சட்டமாக்கின. அரசே வாக்குச்சீட்டைக் கொடுக்கும், வாக்காளர் மறைவான இடத்தில் நின்று குறியிட்டுப் பெட்டியில் போடுவார். அதற்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் மேடைக்கு முன் நின்று, யாருக்கு என் வாக்கு என்று எல்லோரும் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலக்கிழார் பார்த்துக்கொண்டிருக்கும்போது குத்தகைக்காரர் என்ன சொல்வார்? இங்கிலாந்து இந்த ரகசிய வாக்கெடுப்பை 1872-இல் ஏற்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பாண்டிஃபிராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தல்தான் அங்கே அதற்கு முதல் சோதனை. அன்று பயன்பட்ட மரப்பெட்டி இன்னமும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அரக்கில் பதிந்திருப்பது அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த அதிமதுர மிட்டாயில் குத்தும் முத்திரை. மிட்டாய்த் தொழிற்சாலையிலிருந்து கடன் வாங்கி வந்து பெட்டியை அடைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் உள்ளாட்சி முதலில் வந்தது, வாக்குரிமை பின்னால் வந்தது. சென்னை மாநகராட்சி 1688-இலேயே தொடங்கிவிட்டது. ஊர் மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அரசின் கொள்கையாக மாற 1882 மே 18 அன்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னை மாகாணத்தில் தலக் கழகச் சட்டம் வந்தது, 1920-இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஆனால் நியமன உறுப்பினர்களும், வரி கட்டுபவருக்கு மட்டுமே ஓட்டு என்ற விதிகளும் நெடுங்காலம் கூடவே இருந்தன. நிலமற்ற கூலிக்காரர் கைக்கும் பெண்கள் எல்லோர் கைக்கும் சீட்டு வந்து சேர்ந்தது விடுதலைக்குப் பிறகுதான். அப்போதும் அது இன்றைய வடிவில் இல்லை. 1951–52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவர் சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் எந்தக் குறியும் இடாத தாளைத் தனக்குப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வருவார். எல்லாச் சின்னங்களையும் ஒரே தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, மடித்து, ஒரே பெட்டியில் போடும் முறை அதற்குப் பிறகு வந்தது.

ரோஸ் சீட்டுக்கு அரசியலமைப்பின் பலம் கிடைத்தது 1993 ஏப்ரல் 24 அன்று. 73-ஆவது திருத்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் இடங்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் என எல்லாவற்றையும் அது கட்டாயமாக்கியது. மறு ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. அதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல் 1986-இல். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் ஓட்டு வயதை எட்டிய ஒரு முழுத் தலைமுறை அன்றுதான் முதல்முறையாக இந்தச் சீட்டைத் தொட்டது. பெண்களுக்கான பங்கு தமிழ்நாட்டில் 2016-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் பாதியாக உயர்ந்தது.

இனி அது சாவடிக்கு வரும் கதை. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் ஒன்றிய அலுவலக வளாகமே சந்தையாகிவிடும். இரும்புப் பெட்டிகள், சீட்டுக் கட்டுகள், முத்திரைகள், மைக்குப்பி, அரக்கு, நூல், மெழுகுவத்தி, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். வேன் போகும் ஊர்களுக்கு வேன். தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல்தோறும் பெட்டிகள் கழுதை முதுகில்தான் ஏறின. நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்குத் தலைச்சுமையாகப் போயின. சாலை வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த மக்களின் ஓட்டை வாங்க அரசு அதே சாலையில்லா மலையில் நடந்து ஏறியது. இரவு பள்ளிக்கூடத்திலேயே தங்கி, காலையில் முகவர்கள் முன்னால் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோரும் பார்த்தபின் அடைத்து முத்திரை வைக்கிறார்கள். ஏழு மணிக்கு முதல் வாக்காளர் உள்ளே வருகிறார்.

சீட்டைக் கட்டிலிருந்து கிழிக்கும் முன் அடிக்கட்டையில் வாக்காளரின் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்குவார்கள். சீட்டின் பின்புறம் சாவடியின் அடையாள முத்திரையும் தலைமை அலுவலரின் கையெழுத்தும் இருக்கும். அவை இல்லாத சீட்டு எண்ணும்போது நிராகரிக்கப்படும். பிறகு அந்த ரப்பர் முத்திரையைக் கொடுப்பார்கள். நான்கு அம்புகள் ஒரு மையத்தைச் சுற்றி ஒரே திசையில் வளைந்து ஓடுவதுபோன்ற குறி அது. ஊரில் அதை ஸ்வஸ்திக் சீல் என்பார்கள். அந்த வடிவத்துக்குப் பின்னே ஒரு நுட்பமான யோசனை இருக்கிறது. குத்திய மை காயுமுன் தாளை மடித்தால் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பெருக்கல் குறியாக இருந்தால் எது குத்தியது, எது ஒட்டியது என்று பிரித்தறிய முடியாது. இரண்டு பேருக்கும் குறியிட்டதாக எண்ணி ஓட்டைத் தள்ளிவிடுவார்கள். இந்தக் குறியோ கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பினால் அம்புகள் எதிர்த்திசையில் ஓடும். எண்ணுகிறவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். முதலில் நெடுக்காக மடியுங்கள், அப்புறம் குறுக்காக மடியுங்கள் என்று அலுவலர் சொல்லித் தருவதும் இதற்காகவே. நெடுக்காக மடித்தால் ஒரு சின்னத்தின் மை இன்னொரு சின்னத்தின் கட்டத்தில் போய் ஒட்டாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியின் ஓட்டும் வீணாகிவிடக் கூடாது என்று யாரோ எங்கோ உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். அந்த அக்கறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ரகசியத்துக்கும் அதே காவல் உண்டு. யார் போட்டது என்று கண்டுபிடிக்க இடம் தரும் எழுத்தோ ரேகையோ சீட்டில் இருந்தால் அது செல்லாது. தன் பெயரை ஆசையோடு எழுதிவிட்டு வந்தவரின் ஓட்டு குப்பைக்குப் போகும். சட்டமன்றத் தேர்தலைவிட இந்தத் தேர்தலில்தான் இந்த ரகசியம் அதிகம் தேவை. ஒரு சாவடியில் சில நூறு ஓட்டு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், தோற்றவர் நாளைக்கும் அதே டீக்கடைக்கு வருவார். கூலி கொடுப்பவரும் வாங்குபவரும், கடன் கொடுத்தவரும் பட்டவரும் ஒரே பட்டியலில் இருக்கும் ஊரில் ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் கழியும் அந்த அரை நிமிடம்தான் பலருக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரே நேரம்.

அந்த அரை நிமிடத்தைத் தாங்க முடியாதவர்கள் பெட்டியையே தூக்கியிருக்கிறார்கள். மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் அதை ஏற்கவில்லை. வேட்புமனு போட்டவர்களின் வீடுகள் எரிந்தன, மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நின்றது. டிசம்பர் இறுதியில் மீண்டும் நடத்தியபோது வாக்குப்பெட்டிகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஆண்டின் இறுதி நாளில், பெரும் போலீஸ் காவலோடு நடந்த வாக்குப்பதிவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசன் தலைவரானார். அவரால் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவரை வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். அவரோடு மேலும் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். 2001-இல் விசாரணை நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

ஒரு கிராமத்துக் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான பதவி. அதில் ஒரு தலித் அமரக் கூடாது என்பதற்காக ஆறு உயிர்கள். இந்தச் சீட்டுக்கு வலிமை இல்லை என்று சொல்பவர்கள் மேலவளவை நினைத்துப் பார்க்க வேண்டும். வலிமை இல்லாத ஒன்றைக் கண்டு யாரும் இவ்வளவு அஞ்ச மாட்டார்கள்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு தனி ஊராட்சிகளிலும் சீட்டு வேறு விதமாக மடக்கப்பட்டது. அங்கே மனுப் போட ஆளே வராமல் பார்த்துக்கொண்டார்கள். வந்தால், ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 1996 முதல் பத்து ஆண்டுகள் இப்படியே போயிற்று. 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் உண்மையாக நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அப்போது மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. மறுமாதம் அந்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து முதலமைச்சர் கருணாநிதி சமத்துவப் பெருவிழா நடத்தினார். ஆனால் ஜெயித்தபின் நாற்காலி கிடைப்பது அதன் பிறகும் எல்லா ஊரிலும் உறுதியாகவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தன் அலுவலகக் கூட்டத்திலேயே தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. படம் வெளியான பிறகே வழக்குப் பதிவானது.

இந்த வரிசையில் இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுகிறார்கள். அதிகத் தொகை சொல்பவர் போட்டியின்றித் தேர்வாகிறார், பணம் ஊர்ப் பொதுக்காரியத்துக்கு என்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கை விடுகிறது. போட்டியில்லாத பதவிக்குச் சீட்டே கொடுக்கப்படுவதில்லை. நான்குக்குப் பதிலாக மூன்று தாள்களோடு வாக்காளர் மறைப்புக்குப் போவார். ஊர்க்காசுக்காக ஊராரின் உரிமையை விற்கும் இந்த வழக்கத்தைச் சிலர் ஊர் ஒற்றுமை என்று புகழ்வது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஏலத்தில் கை தூக்க வசதி இல்லாதவரும், கோயில் வாசலில் பேச அனுமதி இல்லாதவரும் அந்த ஊரில் இல்லையா?

மாலையில் பெட்டிகள் ஒன்றியத்துக்கு ஒரு மையமாகக் கல்லூரிக்கோ பள்ளிக்கோ போய் முத்திரையிட்ட அறையில் அடைபடுகின்றன. எண்ணும் நாளில் தபால் ஓட்டு முதலில். பிறகு பெட்டியைக் கொட்டினால் மஞ்சளும் பச்சையும் ரோஸும் வெள்ளையும் கலந்து மேசை முழுக்கப் பரவும். நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும், ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும், அப்புறம்தான் எண்ணிக்கை. 2020 ஜனவரி 2 காலை எட்டு மணிக்குத் தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுக்கப் பனியில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாசலில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடும். இங்கே ஒவ்வொரு சீட்டையும் ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும், அம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், முகவர்களிடம் காட்ட வேண்டும். ஒற்றை ஓட்டில் வெற்றி தோல்வி முடிவாவது இந்தத் தேர்தலில் அபூர்வமே அல்ல.

இருவரும் சமமாக வாங்கினால் சட்டப்படி குலுக்கல். பெயர் எழுதிய தாளை மடித்துப் போட்டு, ஒன்றை எடுத்து முடிவை அறிவிக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய உத்திரமேரூர் இந்த இடத்தில்தான் ரோஸ் சீட்டைத் தொடுகிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள அந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வேலைக்கேற்ற குழுக்கள் இருந்தன. கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமில்லை என்ற விதி இன்றைக்கும் பாடமாக வைக்கத்தக்கது. ஆனால் அங்கே நடந்தது வாக்களிப்பு அல்ல. பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட பிரமதேய ஊரின் பிராமண சபை தனக்குள் போட்டுக்கொண்ட குலுக்கல் அது. கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் கேட்டது. உழுதவர்களின் பெயரும் பெண்களின் பெயரும் குடத்துக்குள் போகவே இல்லை. உத்திரமேரூரைப் பெருமையோடு சொல்வோம், அதில் தவறில்லை. ஆனால் குடவோலையில் இடமில்லாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ரோஸ் சீட்டை வாங்க வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

எண்ணி முடித்த சீட்டு மூட்டை கட்டப்பட்டு முத்திரையோடு உறங்கப் போகும். அதன் வேலை தொடர்வது ஊரில். கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகே உள்ள ஓடந்துறையில் 1996-இல் விழுந்த சீட்டுகள் சண்முகம் என்பவரைத் தலைவராக்கின. அவர் பத்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டும் மின்கட்டணம் ஊராட்சியின் வரவைத் தின்பதைக் கண்டு, மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுத்துத் தண்ணீர் இறைத்தார்கள். அடுத்து, ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். ஊராட்சியே சொந்தமாகக் காற்றாலை வைத்து, மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. இது எல்லா ஊரிலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஓர் ஊராட்சி இதைச் செய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இடம் இருப்பதுபோலவே தடையும் இருக்கிறது. ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை நியமன அலுவலர் ஒருவர் நீக்கலாம். சட்டமன்ற உறுப்பினருக்கோ நாடாளுமன்ற உறுப்பினருக்கோ இப்படி ஒரு விதி வைத்திருந்தால் நாடு கொந்தளித்திருக்கும். அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 29 துறைகளைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இன்னும் முடிவெடுப்பது சென்னையிலும் மாவட்டத் தலைநகரிலும்தான்.

சீட்டுக்கு இன்னொரு மறுபிறவியும் உண்டு. அதுதான் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த கூட்டங்களோடு 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு ஆயின. வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை குத்தும் முத்திரையைவிட இந்த ஆறு நாள்களில் எழுந்து நின்று கேட்கும் ஒரு கேள்விக்குப் பயன் அதிகம் என்று நான் நம்புகிறேன்.

இத்தனையும் நடக்க முதலில் சீட்டு அச்சாக வேண்டும். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்து, மனுத்தாக்கலும் நடந்திருந்தது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை இருப்பதாக திமுக தொடுத்த வழக்கில் அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. டிசம்பர் 31-க்குள் நடத்தி முடியுங்கள் என்றும் சொன்னது. அந்த டிசம்பர் போயிற்று, அடுத்த டிசம்பரும் போயிற்று. வார்டு வரையறை, புது மாவட்டங்கள், மேல்முறையீடு என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தங்கள் வேலையோடு பல ஊராட்சிகளின் தனி அலுவலர் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்தார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதால் நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் விடிவு வந்தது. பிரிந்த காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி பகுதிகளின் ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை, நகரங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியலமைப்பு எழுதி வைத்திருக்கிறது. ஆட்சியில் யார் இருந்தாலும் சட்டமன்றத் தேர்தல் இப்போதெல்லாம் இப்படித் தவறுவதில்லை. ஊராட்சிக்கு மட்டும் தவறுகிறது.

27 மாவட்டங்களின் ஊரக மன்றங்களுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அதற்கு ஐந்து வாரம் முன்புதான் ஃபெஞ்சல் புயல் வந்து போயிருந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. வண்டல் படிந்த வீடுகளும் உடைந்த சாலைகளும் இரண்டு மாவட்டங்களிலும் இருந்தன. ஆற்றின் வடகரையில் தளவானூர், தென்கரையில் எனதிரிமங்கலம். வடகரை விழுப்புரம் மாவட்டம், 2021-இல் தேர்தல் கண்டது, அதன் மன்றங்களுக்கு 2026 அக்டோபர் வரை காலம் இருந்தது. தென்கரை கடலூர் மாவட்டம். ஜனவரி 6 காலையில் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டது என்று சொல்லப் போக வடகரைக்காரருக்கு ஒரு தலைவர் இருந்தார். தென்கரைக்காரர் ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது.